கிளிப்பச்சைக் காருக்குத் திருஷ்டிப் பொட்டு

மாந்தோப்பூர் மன்னர் வீரமகுடருக்கு ஆள்வதைக் காட்டிலும் அலங்கரிப்பதிலேயே நாட்டம் அதிகம். கறுப்பாக இருந்த தம் திறந்த மோட்டார் காருக்குக் கிளிப்பச்சை வர்ணம் பூசச் செய்தார். பூசி முடித்ததும் முகம் சுளித்தார்.

"இந்தப் பச்சைக்கு நடுவே வெள்ளி நிறப் பம்பரா? வாழையிலையில் மறந்து வைத்த கரண்டியைப்போல் இருக்கிறது. திருவிழாவுக்குள் எல்லாவற்றையும் மாற்றும். நிறத்துக்குப் பொருந்தாதது ஒன்று இருந்தாலும் உமக்கு இங்கே வேலை இல்லை."

வர்ணக்காரர் இருளப்பர் அரண்மனை விகடர் சேந்தனாரிடம் ஓடினார். இருவரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தனர்.

"விளக்கு வளையத்துக்குப் பித்தளை போடும். பச்சையோடு சேர்ந்தால் பித்தளை சிரிக்கும்" என்றார் சேந்தனார்.

"எனக்குத்தான் அழுகை வருகிறது, ஐயா."

பம்பரும் கைப்பிடிகளும் பித்தளையாயின. சக்கர மூடிகள் சந்தன நிறம் பெற்றன. கதவோரம் மெல்லிய சந்தனக் கோடு ஓடியது.

திருவிழாக் காலையில் மன்னர் காரைச் சுற்றிப் பார்த்தார். குறை ஏதும் அகப்படவில்லை. இருளப்பரின் வேலையைத் தம் மைத்துனருக்கு வாங்கித்தரக் காத்திருந்த அமைச்சர் கோதண்டர் மெல்லக் கனைத்தார்.

"இவ்வளவு பொருத்தமாக இருந்தால் கண்பட்டுவிடுமே, பிரபு. குழந்தையைச் சிங்காரித்தால் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம். புதுமனைக்குப் பூசணிக்காய் கட்டுகிறோம். தாங்கள் போகும் வண்டிக்குத் திருஷ்டி கழிய ஒவ்வாத பொருள் ஒன்றுகூட இல்லையே?"

மன்னரின் முகம் வெளிறியது. "இருளப்பரே, என்னைக் கொல்லப் பார்த்தீரா?"

ஒவ்வாததை வைத்தாலும் வேலை போகும், வைக்காவிட்டாலும் போகும். இருளப்பர் சேந்தனாரைத் திரும்பிப் பார்த்தார்.

சேந்தனார் முன்னே வந்தார். "திருஷ்டிக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம், மகாராஜா. இந்த நிறத்துக்குச் சற்றும் ஒவ்வாத ஒன்று உண்டு."

"எங்கே ஐயா? சுற்றிச் சுற்றிப் பார்த்தேனே."

"கீழே நின்றால் தெரியாது. தாங்கள் ஏறி அமர வேண்டும்."

மன்னர் ஏறி அமர்ந்தார். கத்தரிப்பூ நிறத்தில் அங்கி, செக்கச் சிவந்த தலைப்பாகை, மைபூசி முறுக்கிய மீசை.

"ஏறிவிட்டேன். ஒன்றையும் காணோமே?"

"பக்கக் கண்ணாடியைச் சற்றே பாருங்கள், பிரபு. பொட்டு வைத்தாகிவிட்டது."

மன்னர் பார்த்தார். மீசை முதலில் துடித்தது; பிறகு தலைப்பாகை சரியும்வரை மன்னர் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனாரிடம் எறிந்தார். இருளப்பரின் வேலைக்கு இனி ஆபத்தில்லை என்றும் அறிவித்தார்.

பிறகு கோதண்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய வண்டிக்கு ஒரு பொட்டுப் போதாது, அமைச்சரே. நீரும் ஏறி உட்காரும்."