இடது மட்கார்டு

“எனக்கு அளக்கத் தெரியும், வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும். அடிக்க மட்டும் சொல்லிக் குடுங்க பாய்” என்றார் சீடர்.

குரு நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

“பிள்ளைகளை அடிச்சிருக்கீங்களா?” என்று வேனுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“ஒரு நாளும் இல்லீங்க. ரெண்டு பொண்ணுங்க. விரல் பட்டதில்லை.”

“அப்ப கை பழக நாளாகும்” என்றது குரல்.

இந்தக் கதையின் குருவுக்குத் தாடி உண்டு. ஆனால் நரைக்கவில்லை. பெயர் யூனுஸ். கோவை உக்கடத்தில் பட்டறை வைத்து, இடிபட்டு வரும் வண்டிகளின் தகரத்தை நிமிர்த்திக் கொடுப்பவர். சீடர் மருதாசலம் அவரைவிட ஒரு தலைமுறை மூத்தவர். தையல்காரர். கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் கடையை மூடியவர்.

குருவைத் தேடி வருகிறவர்கள் பழத்தட்டோடு வருவார்கள் என்று கேள்வி. இவர் துருப்பிடித்த ஒரு காரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

ஆட்டோவில் ஏறுகிற அளவு கார்தான். குழந்தை உள்ளே உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டுவது. பழைய காலத்துக் கனத்த தகரம். வலது முன்சக்கரத்துக்கு மேலே மட்கார்டு நன்றாகப் புடைத்து, வளைந்து, அழகாக இருந்தது. இடது பக்கத்தில் மட்கார்டு இல்லை. அது இருந்த இடத்தில் துரு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

யூனுஸ் வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“நாளைக்கு வாங்க. நானே அடிச்சு வைக்கிறேன்.”

“இல்லீங்க பாய். நான் அடிக்கணும்.”

“எதுக்குங்க?”

“சின்னவ வர்றா.”



தேநீர் வந்தது. மருதாசலம் சொன்னார்.

மில் அதிகாரி ஒருவர் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் அவர்கள் கொடுத்த கார் அது. வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள் கோமதி. அவளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சின்னவளுக்கு வான்மதி என்று பெயர் வைத்தார். ஒரே துணியில்தான் இருவருக்கும் கவுன் தைப்பார். கோமதி படித்த பள்ளி, கோமதி படித்த படிப்பு, எல்லாம் அப்படியே அடுத்து வான்மதிக்கும்.

“எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். அப்படித்தான் வளர்த்தேனுங்க. ஊரே சொல்லும்.”

“காரை யார் ஓட்டுவாங்க?”

“பெரியவ.”

“சின்னவங்க?”

“இந்தா, இந்த இடது மட்கார்டு மேல உக்காந்துக்குவா. உக்காந்து உக்காந்தே அது இத்துப்போச்சு.”

“அவங்க எப்ப ஓட்டுவாங்க?”

மருதாசலம் தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

“அவ உக்காந்துக்குவா” என்றார் மறுபடியும்.

கோமதியைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி இருந்தான். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தால் அதைவிட நிம்மதி எது? மருதாசலம் பேசி முடித்துவிட்டார். கோமதியின் நிச்சயத்துக்குத் தைத்த அதே மாம்பழ நிறப் பட்டு ரவிக்கையை வான்மதிக்கும் தைத்து மடித்து வைத்தார். நிச்சயத்தன்று காலையில் ரவிக்கை மடிப்புக் கலையாமல் இருந்தது. பெண் இல்லை.

இப்போது அவள் ஓசூரில் இருக்கிறாள். அவளே தேடிக்கொண்ட வேலை, அவளே தேடிக்கொண்ட மாப்பிள்ளை. ஒரு பையன் உண்டு. அம்மாவோடு போனில் பேசுவாள். அப்பா வீட்டில் இருந்தால் அம்மா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

“இந்த வெள்ளிக்கிழமை வர்றாளாம். முதல் தடவை. என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலை. ‘அந்தக் கார் இன்னும் இருக்குதா’ன்னு மட்டும் கேட்டாளாம்.”

அவர் காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அவ வர்றப்ப அது முழுசா இருக்கணும் பாய். அதை நான்தான் செஞ்சிருக்கணும். அதைப் பாத்தாவது என் முகத்தைப் பாப்பாளா என்னமோ.”

யூனுஸ் எழுந்து போய் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார்.



முதல் பாடத்தில் தகரமே இல்லை. மணல் அடைத்த தோல் பை மேல் வெறும் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும்.

“எத்தனை நேரம் அடிக்கணும்?”

“கோபம் போற வரைக்கும்.”

“எனக்குக் கோபமே இல்லீங்களே.”

“அப்ப சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார் யூனுஸ்.

சாயங்காலம் வரை முடியவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு தகரத் துண்டு கிடைத்தது. மணல் பை மேல் வைத்து நடுவிலிருந்து அடிக்க அடிக்க அது மெல்லக் குழிந்து, மறுபக்கம் புடைத்தது. மருதாசலத்துக்குச் சின்னப் பிள்ளை போலச் சந்தோஷம். வேகம் கூடியது. யூனுஸ் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சத்தம் மாறுது, கேக்கலையா?”

“அடிக்கிற ஜோருல கேக்கலீங்க.”

“அடிக்க அடிக்கத் தகரம் இறுகும். அப்ப சத்தம் மாறும். அதுக்கு மேல அடிச்சாக் கிழிஞ்சிரும். நிறுத்தி, சூடு காட்டி, ஆற விட்டு, அப்புறந்தான் கை வைக்கணும்.”

“தகரத்துக்கு இத்தனை மரியாதையா?”

யூனுஸ் வேனுக்கு அடியில் போய்விட்டார்.



புதன்கிழமை மருதாசலம் வேலையைத் தொடங்கினார். அளவெடுப்பதில் அவரை யாரும் அசைக்க முடியாது. வலது மட்கார்டு மேல் பழுப்புக் காகிதத்தைப் போர்த்தி, மடிப்பு விழும் இடங்களில் கத்தரித்து, ஓரம் தடவி, அளவு எடுத்தார். ‘முன்’, ‘பின்’, ‘மேல்’ என்று பென்சிலால் எழுதினார். காகிதத்தைத் தகரத்தின் மேல் விரித்துச் சாக்கட்டியால் கோடு இழுத்தபோது அவர் கையில் நடுக்கமே இல்லை. யூனுஸ் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

“நல்ல கை” என்றார்.

மருதாசலம் சிரித்தார்.

“எந்தப் பக்கத்துக்குங்க இது?” என்று கேட்டார் யூனுஸ்.

“இடதுக்குத்தான்.”

“அளவு எடுத்தது?”

“வலதுல. ரெண்டும் ஒண்ணுதானுங்களே பாய்.”

யூனுஸ் காகிதத்தையும் காரையும் பார்த்தார். பிறகு தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டினார்.

அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரையும் மருதாசலம் அடித்தார். சத்தம் மாறியதும் நிறுத்தினார். சூடு காட்டினார். ஆறும்வரை காத்திருந்தார். மேடு பள்ளங்களை இரும்புச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். வலது மட்கார்டின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வளைவையும் விரலால் தடவி ஒப்பிட்டார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எது பழையது, எது புதியது என்று அவருக்கே தெரியவில்லை.

“பாய்! வந்து பாருங்க!”

யூனுஸ் துணியில் கை துடைத்துக்கொண்டு வந்தார். தடவிப் பார்த்தார்.

“அச்சு அசல்” என்றார்.

“மாட்டிடலாமுங்களா?”

“மாட்டுங்க.”

மருதாசலம் காரின் இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மட்கார்டை வைத்தார். முன்பக்கம் பின்னால் போனது. எடுத்துத் திருப்பி வைத்தார். முன்பக்கம் சரியாக வந்தது, ஆனால் காரோடு ஒட்ட வேண்டிய ஓரம் தெருவைப் பார்த்தது. அப்படியே புரட்டி வைத்தார். ஓரங்கள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. புடைப்பு மட்டும் உள்ளே போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் கிண்ணம்போல வெளியே குழிந்திருந்தது.

அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை எல்லாவற்றையும் செய்து பார்த்தார்.

“ஐயா, இன்னொரு வலது பக்கம் செஞ்சிருக்கீங்க” என்றார் யூனுஸ்.



மருதாசலத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“வெட்டறப்பவே பாத்தீங்கல்ல?”

“பாத்தேனுங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“கேட்டேனுங்க. ரெண்டும் ஒண்ணுதான்னீங்க.”

“துணியை ரெண்டா மடிச்சுத்தான் பாய் நாங்க வெட்டுவோம்! ஒரே வெட்டுல வலது கையும் இடது கையும் சேந்தே வந்துரும். காலம் பூரா அப்படித்தான் வெட்டியிருக்கேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை.”

“தகரம் மடியாதுங்க” என்றார் யூனுஸ்.

“இப்ப என்ன? இதையே மறுபக்கமிருந்து அடிச்சுப் புடைப்பை வெளியே கொண்டுவந்துட்டாப் போச்சு.”

“அடிச்சுப் பாருங்க.”

மருதாசலம் மட்கார்டைக் கவிழ்த்து மணல் பை மேல் போட்டார். அடித்தார். நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் ஓங்கி அடித்தார். சத்தம் மாறியது. இந்த முறை அது அவர் காதில் விழத்தான் செய்தது. ஆனால் அவர் நிறுத்தவில்லை.

ஓரத்தில் ‘டிக்’கென்று ஒரு சின்ன ஓசை. விரலை வைத்துப் பார்த்தார். விரிசல்.

அவர் கொட்டாப்புளியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். யூனுஸ் பட்டறையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினார்.

“அளவு சரியாத்தானே எடுத்தேன்?”

“சரியாத்தான் எடுத்தீங்க.”

“வேலையிலயும் குறையில்லையே?”

“குறையில்லீங்க. ரொம்ப நல்ல மட்கார்டு. வலதுக்கு.”

மருதாசலம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அந்த ரவிக்கையைத் தைத்த இரவு வான்மதி வந்து கதவோரம் நின்றது அவருக்கு நினைவு வந்தது. “அப்பா, எனக்கு இது வேண்டாங்கப்பா” என்றாள். அவர் ரவிக்கையின் நிறத்தைச் சொல்கிறாள் என்று நினைத்தார். “அக்காவுக்கு எப்படிப் பொருந்துச்சு பாத்தியல்ல?” என்று சொல்லிவிட்டுத் தையல் மிதியை மிதித்தார். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தலை நிமிர்ந்திருக்கலாம். காலை எடுத்திருக்கலாம். அவ்வளவுதானே, காலை எடுத்திருந்தால் மிஷின் நின்றிருக்கும்.

அவர் அழுதார்.

யூனுஸ் விரிசல் விட்ட மட்கார்டை எடுத்துச் சுவரில் ஆணியில் மாட்டினார். மேஜை மேல் புதிதாக ஒரு தகரத்தை வைத்தார். மருதாசலம் வெட்டி வைத்திருந்த பழுப்புக் காகிதத்தை எடுத்தார். ஒரு புரட்டுப் புரட்டி அதன் மேல் விரித்தார். நான்கு மூலைக்கும் நான்கு போல்ட் வைத்தார்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்தார்கள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.



மருதாசலம் எழுந்து மேஜைக்கு வந்தார்.

காகிதத்தின் இந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. ‘முன்’, ‘பின்’, ‘மேல்’ என்று அவர் எழுதிய எதுவும் இங்கே இல்லை. அவர் சாக்கட்டியை எடுத்தார். கீழே வைத்தார். கொட்டாப்புளியை எடுத்தார். அதையும் வைத்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஒரு தடவைகூட அழைக்காத அந்த எண் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

“ஹலோ, யாருங்க?”

“அப்பா.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்பட்டது. ‘யாரும்மா?’ என்று ஒரு குழந்தை கேட்டது.

“நாளைக்கு வர்றோம்னு அம்மாகிட்டச் சொல்லியிருந்தேனே” என்றாள் வான்மதி. “வர வேண்டாங்களா?”

“ஐயோ, அதுக்கில்ல கண்ணு. கார் முடியலை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். தப்பா அடிச்சுப்போட்டேன்.”

“எதைங்கப்பா?”

அவர் சுவரில் தொங்கிய மட்கார்டைப் பார்த்தார்.

“உன் பக்கத்தை.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

“அப்பா.”

“சொல்லு கண்ணு.”

“இனிமே அடிக்காதீங்க. அந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். நான் வந்து சொல்றேன்.”