மருத மரத்து இலவசப் பொந்துகள்

மூங்கில் பூத்த ஒரு காட்டில், பிள்ளைகளே, ஓர் அணில் புதுத் தொழில் தொடங்கியது.

மூங்கில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் தரையெல்லாம் அரிசி உதிரும். அதன் பிறகு மூங்கில் பட்டுப்போகும். உதிர்ந்ததை நனையாமல் காப்பாற்றி வைக்காவிட்டால் அடைமழையில் எல்லோருக்கும் பட்டினிதான்.

"உங்கள் அரிசியை என்னிடம் கொடுங்கள். மழைக்காலம் முழுக்க நனையாமல் வைத்துத் தருகிறேன்" என்றது அணில்.

கௌதாரி கொடுத்தது. முள்ளம்பன்றி கொடுத்தது. மயில்களும் எலிகளும் காட்டுக்கோழிகளும் கொடுத்தன. அணிலின் சிறிய பொந்து இரண்டே நாளில் நிரம்பிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஓர் அறிவிப்பு வந்தது. ஓடைக்கரையில் இருந்த பெரிய மருத மரம் உடும்புக்குச் சொந்தம். "புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு உடும்பு ஐயாவின் மரத்தில் பொந்துகள் இலவசம்! நூறு நாளைக்கு இலவசம்!" என்று கொக்கு காடெங்கும் பறந்து சொன்னது.

அணில் ஓடிப்போய் வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள்.

முறை வந்ததும் கொக்கு ஒற்றைக்காலில் நின்றபடி கேள்வி கேட்டது. பதிலை அலகால் ஈரமண்ணில் எழுதிக்கொண்டது.

"தொழில் என்ன?"

"அரிசி காப்பது."

"ஐந்து மழைக்காலம் கழித்து உன் தொழில் எவ்வளவு பெரிதாக இருக்கும்?"

"முதல் மழையே இன்னும் வரவில்லையே!"

"ஏதாவது சொல்லம்மா. யானை அளவு என்று எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுதிக்கொள்ளுங்கள்."

"பெரிய இடத்தில் யாரையாவது தெரியுமா?"

"ஒருமுறை யானையின் முதுகில் தவறி விழுந்திருக்கிறேன்."

"போதும். அறிமுகம் உண்டு."

இப்படிப் பன்னிரண்டு கேள்விகள். மூன்றாம் நாள் கொக்கு, "நீ தேர்வாகிவிட்டாய்!" என்றதும் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு குதித்தது. சம்மதத்துக்கு அடையாளமாக மரப்பட்டையில் பாதத்தைப் பதித்தது. அவர்கள் பன்னிரண்டு கேள்விகள் கேட்டார்கள். அணில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

காட்டின் அரிசியெல்லாம் மருத மரத்துக்குள் போனது. உள்ளே தள்ளிவைக்க உடும்பே உதவி செய்தது.

மழை பிடித்தது. பசியோடு கௌதாரி வந்து நின்றது. அதற்குக் கொடுக்க அணில் ஒரு பிடி அரிசியோடு வாசலுக்கு வந்தது. வாசலில் உடும்பு குறுக்கே படுத்திருந்தது.

"என் வாசலைத் தாண்டி ஒரு பிடி போனால், எனக்கு ஒரு பிடி" என்றது உடும்பு.

"இலவசம் என்றீர்களே, ஐயா!"

"பொந்து இலவசம். உள்ளே வைப்பதும் இலவசம். வெளியே எடுப்பது இலவசம் என்று யார் சொன்னது? நீ கேட்டாயா?"

"பாதி உங்களுக்குப் போனால், பாதி மழையிலேயே எல்லோரும் பட்டினி கிடப்பார்களே!"

"அது உன் தொழில். என் தொழில் மரம்."

கௌதாரி அணிலைப் பின்னால் இழுத்தது. "போனால் போகட்டும், அக்கா. கிடைத்த பாதி கிடைக்கட்டும். பெரிய இடம். பிடித்தால் விடாது. நமக்கெதற்குப் பகை?"

"கேட்காமல் பாதம் பதித்தது என் முட்டாள்தனம். அதற்கு உன் அரிசியையா கொடுப்பேன்? ஒரு பிடிகூடத் தரமாட்டேன்" என்றது அணில்.

பிறகு அது உடும்பின் மூக்குக்கு நேரே போய் உட்கார்ந்தது.

"ஐயா, அன்று கேட்காததை இன்று கேட்கிறேன். கையில் எடுத்துப்போனால் பாதி உங்களுக்கு. வயிற்றில் எடுத்துப்போனால்?"

உடும்பு சிரித்தது. "உன் வயிற்றில் எவ்வளவு கொள்ளும்? தின்றுவிட்டுப் போ. அதற்கு நான் ஒன்றும் கேட்கமாட்டேன்."

"யார் வயிறாக இருந்தாலுமா?"

"யார் வயிறாக இருந்தாலும்தான். என் மரத்துக்குள் நுழைய எவனுக்குத் துணிச்சல்?"

இலவசப் பொந்துக்காக இன்னும் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இதைக் கேட்டார்கள். கொக்கு பழக்கதோஷத்தில் எழுதியும் கொண்டது.

மறுநாள் காலையில் முதலில் வந்தது முள்ளம்பன்றி. "கொஞ்சம் நகருங்கள், ஐயா. குத்திவிடும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனது. உடும்பு நகர்ந்தது. முள்ளம்பன்றிக்குப் பின்னால் கௌதாரி குஞ்சுகளோடு போனது. மயில்கள் போயின. எலிகள் குடும்பம் குடும்பமாகப் போயின. எல்லோரும் வயிறாரத் தின்றார்கள். வெளியே மழை, உள்ளே காய்ந்த இடம். யாருக்கும் கிளம்ப மனமில்லை. ஒரு மயில் நனைந்த தோகையை உதறியது. தண்ணீர் முழுவதும் உடும்பின் முகத்தில்.

விடியுமுன்பே காட்டுச்சேவல் உடும்பின் காதருகே கூவியது.

"என்ன கூத்து இது? எல்லோரையும் வெளியே அனுப்பு!" என்று உடும்பு கத்தியது.

"சாப்பிடுகிறார்கள், ஐயா. இன்னும் தொண்ணூறு நாள் இருக்கிறது, அவசரமில்லை. நூறு நாள் என்றது பொய்யானால், அதோ, வரிசையில் நிற்பவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்."

உடும்பு வரிசையைப் பார்த்தது. வரிசை உடும்பைப் பார்த்தது. உடும்பு மறுபடியும் படுத்துக்கொண்டது.

அன்று மதியம் முள்ளம்பன்றி அணிலிடம் வந்தது. "மேட்டுப் பாறைக்கு அடியில் மண் காய்ந்திருக்கிறது. அரிசி வைக்க ஒரு குழி தோண்டித் தரட்டுமா? தோண்டுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. இதுவரை யாரும் கேட்கவில்லை."

"நீ எத்தனை கேள்வி கேட்பாய்?" என்றது அணில்.

"ஒன்றுதான். எவ்வளவு ஆழம்?"

"என் வால் அளவுக்குப் பத்து மடங்கு. நானும் ஒன்று கேட்கிறேன். வெளியே வர வழி?"

"இரண்டு வைக்கிறேன்."

குழி தயாரான அன்று உடும்புக்கு ஒன்பதாவது நாளாகத் தூக்கமில்லை. முதுகில் எலிக்குஞ்சுகள் ஏறி விளையாடின.

"எடுத்துக்கொண்டு போய்த் தொலையுங்கள்!" என்று அது அலறியது. "எனக்கு ஒரு பிடியும் வேண்டாம்!"

"வரிசையில் கடைசியாக நிற்பவருக்குக் கேட்கவில்லையாம், ஐயா" என்றது அணில்.

"ஒரு பிடியும் வேண்டாம்!"

பிடித்ததை விட்டறியாத உடும்பு அன்றுதான் முதன்முதலாக விட்டது. கொட்டும் மழையில் வாழையிலையால் மூடி, மீதி அரிசியை ஒரு மணியும் சிந்தாமல் எல்லோரும் பாறைக்குக் கொண்டுபோனார்கள்.

வரிசையில் முதலில் நின்ற முயல் மெல்லக் கேட்டது: "அக்கா, நான் விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா?"

"தாராளமாக விண்ணப்பி. கொக்கு வாயைத் திறப்பதற்கு முன் நீ திற."

முயல் கொக்கைப் பார்த்தது. "ஐயா, வெளியே எடுக்க எவ்வளவு?"

கொக்கு மறுகாலுக்கு மாறி நின்றது.

நீதி: இலவசமாகத் திறக்கும் கதவில் நுழையுமுன் வெளியேறும் விலையைக் கேள், கேட்காமல் சிக்கிக்கொண்டாலும் பணிந்துவிடாதே.