பட்டம் நிறைத்த பெட்டி

மனுப் பிரிவு அதிகாரி கனகசபாபதிக்கு ஒரு சட்டம் உண்டு: எந்த மனுவும் அவருடைய பட்டங்களோடுதான் தொடங்க வேண்டும். அப்படி டேட்டாபேஸில் குவிந்த நானூறு மனுக்களையும் வேர்டு படிவத்தில் ஏற்றும் வேலை, ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்யும் ரெஜினாவின் தலையில் விழுந்தது. படிவத்தில் மனு விழ வேண்டிய பெட்டியோ இருநூற்றைம்பத்தைந்து எழுத்துக்கு மேல் ஒன்றையும் வாங்காது.

“சார், பெட்டியைப் பெருசாக்கட்டுமா?”

“அது நான் போட்ட படிவம். கை வச்சே, நாளைக்கு வேலைக்கு வராதே!”

“அப்போ உங்க பட்டங்களையாவது எடுத்துடட்டுமா?”

“ஒரு எழுத்து குறையக்கூடாது!”

மூன்று நாள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். ஆள் மசியவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று சொன்னபடியே ஏற்றிக் கொடுத்தாள்.

ஆய்வுக்கு வந்த கலெக்டர் அம்மா தாள்களைப் புரட்டினார். நானூற்றிலும் ‘கருணைக் கடல், கடமை வீரர், ஏழைகளின் விடிவெள்ளி’ என்று பட்டங்கள் நீண்டு, பெட்டி நிறைந்து, அத்தோடு மனு நின்றுபோயிருந்தது.

“ஜனங்க என்னதான் கேக்கறாங்க?”

கனகசபாபதி சட்டென்று ரெஜினாவைக் கைகாட்டினார்.

“எல்லாரும் பெட்டிக்கு வெளியே காத்துக்கிட்டுதான் இருக்காங்க மேடம்,” என்றாள் அவள். “ஐயா வாசலை மறிச்சிக்கிட்டு நிக்கிறார். கொஞ்சம் நகரச் சொல்லுங்க, உள்ளே வந்துடுவாங்க.”