தராசில் ஏறிய புகழ்

முன்னொரு காலத்தில், வேலையில்லாத பகல்கள் அதிகமாயிருந்த ஓர் அரசர் இருந்தார். ஒருநாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. தம் ஊர்ச் சந்தையின் புகழ் நாலா திக்கும் பரவ வேண்டும்!

பிரதானி அனந்தநம்பி நூறு ஓலையில் திட்டம் தீட்டினார். "திசையெல்லாம் திகைக்க, மக்கள் மனம் மயங்க" என்று ஓலைக்கு ஓலை முழக்கம். நாளைக் காலையில் யார், எங்கே போய், என்ன செய்வது என்பது மட்டும் எந்த ஓலையிலும் இல்லை.

"இதை நிறைவேற்ற விகடகவி வெண்காடனே தகுந்தவர், பிரபு. அவருக்குத்தான் வேறு வேலையில்லையே" என்றார்.

அரசருக்கும் குஷி. "வெண்காடா, பரவிய புகழை ஒரு மாதத்தில் என் கண்முன் தராசில் நிறுத்துக் காட்டு. தவறினால் சந்தையை மூடி யானைக் கொட்டாரம் கட்டுவோம். லத்தி அள்ளும் வேலை உனக்கு."

வெண்காடன் ஓலைகளை மூன்று முறை படித்தான். மூன்றாம் முறை தன் குறட்டை கேட்டுத் தானே விழித்தான். லத்தி அள்ளுவதுகூடப் பரவாயில்லை; தன் கவிதையைப் போலன்றி அது வயலுக்காவது உதவும். ஆனால் சந்தையை மூடினால் பானை விற்கும் ஓச்சாயி போன்றவர்கள் எங்கே போவார்கள்? அந்த நினைப்புதான் சோற்றை இறங்கவிடவில்லை.

நேரே அவளிடமே போனான். "ஜனம் ஏன் வரமாட்டேங்குது, ஓச்சாயி?"

"வர்ற மாட்டுக்கு ஒரு வாய் தண்ணி இருக்கா? ஒதுங்க நிழல் இருக்கா? புகழ் மட்டும் வந்து எங்க சாமி உட்காரும்?"

மறுநாளே தண்ணீர்த் தொட்டி வைத்தான், பந்தல் போட்டான். பிறகு தண்டோரா. வடக்கே பிரதானியின் ஓலைகளை வாசிக்கச் சொன்னான். கிழக்கே தன் வெண்பாக்களைத் தானே போய்ப் பாடினான். தெற்கே, "மாட்டுக்குத் தண்ணி, மனுசனுக்கு நிழல், பானையைத் தட்டிப் பார்த்தே வாங்கலாம்!" மேற்கே யாரையும் அனுப்பவில்லை. சும்மா இருந்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா? சந்தையின் நான்கு திசை வாசலிலும் ஒவ்வொரு கூடை. ஒரு பூவரச இலை போட்டு நுழைந்தால் ஒரு பிடி பொரி.

மாதம் முடிந்தது. அரசர் யானைமேல் சந்தைக்கே வந்தார். தராசு தயாராக நின்றது.

"இலையெல்லாம் புகழாகுமா?" என்று அனந்தநம்பி சிரித்தார்.

"புகழ் காலால் நடந்து வந்தது, பிரபு. இலையைப் போட்டுவிட்டுப் பொரி தின்றபடி பானை வாங்கப் போய்விட்டது. கூப்பிட்டுத் தட்டில் உட்கார வைக்கவா?"

தெற்குக் கூடையைத் தூக்கித் தராசில் வைக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. மேற்கில் அரைக் கூடை. வடக்கில் ஏழே இலை. அவையும் தண்டோராக்காரன் வீட்டார் போட்டவை. அனந்தநம்பி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"கிழக்கு?"

"மூன்று இலை, பிரபு. மூன்றும் நான் போட்டவை. பொரிக்கு ஆசைப்பட்டு."

"நீ பாடாமல் இருந்திருந்தால்?"

"மேற்கைப் போல அரைக் கூடையாவது வந்திருக்கும்."

அரசர் சிரித்த சிரிப்பில் அம்பாரி குலுங்கியது. "சந்தை இருக்கட்டும்! கிழக்கே இனிப் பாடமாட்டேன் என்று சத்தியம் செய், இந்தப் பட்டுச் சால்வை உனக்கு."

வெண்காடன் உடனே சத்தியம் செய்தான். சால்வையை வாங்கி ஓச்சாயியின் தோளில் போர்த்தினான்.

அவள் கும்பிட்டாள். "தெக்கேயும் பாடிராதீங்க சாமி. இப்பத்தான் ஜனம் வர ஆரம்பிச்சிருக்கு."

அரசர் மறுபடி சிரிக்க, யானை மிரண்டு, தன் கொட்டாரத்துக்கென்று பார்த்து வைத்திருந்த இடத்தை விட்டே ஓடிவிட்டதாம்.