ஆந்தைக் காசு மூன்று

“மூன்றிலும் ஒரே ஆந்தை, அரசே! மூன்றும் ஒரே காசு!” என்று கருவூல அதிகாரி கோடன், சாத்தியின் காசுப் பெட்டியை அவை நடுவே கவிழ்த்தான். ஆந்தை பொறித்த மூன்று யவன வெள்ளிக் காசுகள் உருண்டன. ஒன்று நெல்லிக்காய் அகலம், ஒன்று புளியங்கொட்டை அளவு, ஒன்று மீன் செதில் அளவு.

சாத்தி துறைமுகத்தில் மீன் பொரித்து விற்பவள். அவள் அடுப்பு இருந்த இடம் கோடனுடைய மைத்துனனின் கள்ளுக்கடைக்குத் தோதானது. இது அவளுக்குத் தெரியும், கோடனுக்குத் தெரியும். அரசர் கொற்றவேளுக்குத்தான் தெரியாது. அந்நாளில் நெய்தலூரை ஆண்டுவந்த அவருக்குக் காலையில் ஒரு நியாயம், மாலையில் ஒரு நியாயம். இப்போது காலை.

“இந்தக் காசுக்கு ஒரு மீன் தருகிறாள். இதற்கு ஆறு. இதற்கு ஒரு கூடை! யவன மாலுமிகளை ஏமாற்றுகிறாள், அரசே. போதாததற்குக் காசை உப்புத் தண்ணீரில் முக்கி ஏதோ வசியம் வேறு.”

“வேறு வேறு காசு, அரசே,” என்றாள் சாத்தி. “யவனர் பேச்சில் சின்னது ஓபல். ஆறு ஓபல் ஒரு திரக்மா, அது இந்த நடுக்காசு. பெரியது நாலு திரக்மா. இருபத்துநாலு மீன்.”

“அரசருடைய முத்திரையைப் பெரிய ஓலையில் குத்தினாலும் சின்ன ஓலையில் குத்தினாலும் ஆணை ஒன்றுதானே? முகம் ஒன்றென்றால் மதிப்பும் ஒன்று!”

தம் முத்திரையைப் பற்றி யார் பேசினாலும் அரசருக்கு மனம் குளிர்ந்துவிடும். “அழகாகச் சொன்னாய். அடுப்பை இடித்துவிடு.”

“எடை போட்டுப் பாருங்கள், அரசே. இல்லை, யவனர்களையே கேளுங்கள்.”

“முத்திரையை எடை போடுவாளாம்!” கோடன் சிரித்தான். “யவனர்கள் இவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வார்கள்.”

அரசருக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. “தராசு கூடாது. யவனன் ஒரு வார்த்தை பேசக் கூடாது. நண்பகல் முரசுக்குள் நிரூபி. இல்லையென்றால் அடுப்பு கிடையாது.”

அடுப்புக்குப் பின்னால் நின்று நான்கு வருடங்களாகச் சாத்தி பார்த்தது யவனர்களின் முகங்களை அல்ல, கைகளை.

“பேசவே வேண்டாம், அரசே. யாராவது மூன்று யவனர்களைக் கோடன் ஐயாவே பொறுக்கிக்கொண்டு வரட்டும். கருவூலத்தில் சுங்கமாக வந்த ஆந்தைக் காசு இருக்குமே. ஆளுக்கு இதே மூன்றை இனாமாகக் கொடுங்கள். வாசல் தாண்டும்வரை பார்த்திருங்கள்.”

முதல் யவனன் பெரிய காசை இடுப்புத் துணியில் இறுக்கி முடிந்து, முடிச்சை இரண்டு முறை தட்டிப் பார்த்தான். நடுக்காசைத் தோல் பையில் போட்டான். சின்னதை வாயில் போட்டுக்கொண்டு நடந்தான்.

“விழுங்கிவிட்டானா?” அரசர் எழுந்தே விட்டார்.

இரண்டாமவனும் அப்படியே. மூன்றாமவன் கன்னத்தில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. நாக்கால் ஒதுக்கி இடம் பண்ணினான்.

“சில்லறைக்கு அவர்கள் பை கன்னம்தான், அரசே. என் கடையில் வந்து துப்புவார்கள். உப்புத் தண்ணீர் எதற்கு என்று இப்போது தெரிந்திருக்கும்.”

அரசர் சிரித்ததில் மகுடம் சரிந்தது. கோடன் மட்டும் விடவில்லை. “காட்டுமிராண்டிப் பழக்கம்! அதெல்லாம் சாட்சியாகாது. என் கணக்கில் மூன்றும் ஒன்றுதான்.”

“அப்படியென்றால் என் காசு மூன்றில் ஒன்றை ஐயாவே எடுத்துக்கொள்ளட்டும்,” என்றாள் சாத்தி.

கோடன் குனிந்தான். கை நேராகப் பெரிய காசுக்குப் போனது. கை நின்றது, திரும்பியது, மீன் செதிலை எடுத்தது.

“நல்லது,” என்றார் அரசர். “அதை வைக்கிற இடத்தில் வை. மாலை முரசுவரை எடுக்கக் கூடாது.”

கோடன் கன்னம் புடைத்தது.

“அடுப்பு இருக்கும் இடம் இனி அவளுடையது. முத்திரை குத்திக் கொடுங்கள். பெரிய ஓலையிலேயே குத்துங்கள்.”

மாலை முரசு அடங்கியபோது கடையில் கூட்டம். வரிசையின் கடைசியில், காலையிலிருந்து சாப்பிடாத கோடன் வந்து நின்றான். நாக்கால் காசை உதட்டுக்குத் தள்ளினான்.

சாத்தி உப்புத் தண்ணீர்ச் சட்டியை நீட்டினாள். காசு விழுந்தது. இலையில் ஒரு மீனை வைத்து, சூடு ஆற அடுப்பு விசிறியால் இரண்டு வீச்சு வீசி, அவன் பக்கம் நகர்த்தினாள்.