தணிகாசலம் கற்ற இறந்தகாலம்

சிறையில் ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு நடக்கும். சொல்லித்தர வருபவர் ஜெசிந்தா டீச்சர். முன்வரிசையில் உட்காரும் தணிகாசலம் அவரைவிட வயதில் மூத்தவர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்காக மூண்ட சண்டையில் பக்கத்து வயல்காரர் கதிரேசனைக் கொன்றதாக அவருக்கு ஆயுள் தண்டனை. கோர்ட்டிலும் சரி, பிறகும் சரி, "நான் செய்யலை" என்பதைத் தவிர அவர் வேறு சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்தும் அவர் எழுந்து போகவில்லை.

"கதிரேசன் மக என்னைப் பார்க்க வருதாம், டீச்சர். சித்தி வீட்டோட நார்வேயில வளர்ந்த பொண்ணு. தமிழ் தெரியாது. அப்பாவைக் கொன்னது நீதானான்னு கேக்கத்தான் வருது. நடுவுல ஆள் வேண்டாம். நானே பதில் சொல்லணும்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"நான் கொல்லலைன்னு."

டீச்சர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் 'கில்' என்று எழுதினார்.

"இது கொல்."

அதன் பின்னால் ஈ, டி என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தார்.

"கில்ட். கொன்றேன், கொன்றாய், கொன்றார், எல்லாத்துக்கும் இதுதான். நட, சமை, உதவு, எதுவானாலும் இந்த ரெண்டு எழுத்து சேர்ந்தா முடிஞ்சுபோன காரியம்."

"இவ்வளவுதானா?"

"பெரும்பாலும் இவ்வளவுதான்."

பிறகு தணிகாசலம் சொல்ல நினைத்த வாக்கியத்தைக் கீழே எழுதினார். 'ஐ டிட் நாட் கில்.'

தணிகாசலம் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்த ரெண்டு எழுத்தைக் காணோமே, டீச்சர்."

"இல்லைன்னு சொன்னா ஒட்டாது. கொல் அப்படியே நிக்கும்."

அவர் வெகுநேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வரியை உச்சரிக்கச் சொல்லித் தரட்டுமா?"

"ரெண்டையும் சொல்லித் தாங்க."

அந்தப் பெண் வந்தாள். பெயர் நிலானி. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, மனப்பாடம் செய்தவள்போல் கேட்டாள்.

"டிட் யூ கில் மை ஃபாதர்?"

தணிகாசலம் கம்பிவலையை நெருங்கி நின்றார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த டீச்சர் தரையைப் பார்த்தார்.

"ஐ கில்ட் யுவர் ஃபாதர்."

தணிகாசலத்தின் பதில் கடைசி ஒலிவரை தெளிவாக வந்தது. சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்த வார்டரின் கை நின்றது.

நிலானி அழவில்லை. மெல்ல உட்கார்ந்தாள். கம்பிவலைமேல் உள்ளங்கையை வைத்தாள். நேரம் முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு எழுந்து போனாள்.

அவள் போன வழியையே பார்த்தபடி தணிகாசலம் கேட்டார்.

"டீச்சர், மன்னிக்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"ஃபர்கிவ்."

"மன்னிச்சாச்சுன்னு சொல்லவும் அதே ரெண்டு எழுத்துதானா?"

"இல்லை. அது விதிக்கு அடங்காத வினை."