பூண் போட்ட சவுக்கு

“கோபம் பாவமா, டீச்சர்?”

சாரத்தின் உச்சியிலிருந்து அருமைநாதன் கேட்டார். கேட்ட வேகத்தில் சாரமே ஆடியது.

“எறங்கி வந்து கேளுங்கண்ணே,” என்றாள் சலோமி. “பாவமோ இல்லையோ, விழுந்தா எலும்பு முறியும்.”

அவர் இறங்கவில்லை. கையிலிருந்த தூரிகையைச் சுவரில் வீசி எறிவாரோ என்று தோன்றியது. எறியவில்லை. அதைப் பிடித்தபடி நின்றார்.

சலோமி ஓவியர். அருமைநாதன் அவளிடம் கற்பவர். வயதில் அவர்தான் மூத்தவர். அதனால் அவள் அவரை அண்ணே என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார். நரை விழுந்த பிறகு எதற்கு ஓவியம் கற்க வந்தீர்கள் என்று அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

கடற்கரை ஊர் ஒன்றின் வேதக்கோயில் அது. பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் பெரிய படம் ஏறிக்கொண்டிருந்தது. எருசலேம் ஆலயத்துக்குள் கடை விரித்தவர்களை இயேசு விரட்டும் காட்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் திறப்பு என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அன்று வெள்ளிக்கிழமை.

வேலை சலோமிக்கு வந்ததுதான். அருமைநாதன் எனக்குக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டார். அதுவரை அவர் எதையும் கேட்டதில்லை என்பதால் கொடுத்துவிட்டாள். அது அவர் பிறந்த ஊர். சின்னப் பையனாக விட்டுப்போனவர், பிறகு எந்தக் கோயில் படியும் ஏறவில்லை, வேதத்தைத் திறக்கவும் இல்லை. ஆனாலும் இந்தக் கதை தனக்கு நன்றாகத் தெரியும் என்றார்.

கரிக்கோட்டில் அவள் பார்த்தபோது மேசைகள் கவிழ்ந்து கிடந்தன, ஆடுகள் மிரண்டு ஓடின. இயேசுவின் ஓங்கிய கை மட்டும் காலியாக இருந்தது.

“கையில என்னண்ணே?” என்று கேட்டாள்.

“அது கடைசியில, டீச்சர். அதுக்காகத்தானே மத்ததெல்லாம்.”

பிறகு வண்ணம் ஏறியது. முகம் வந்தது. கோபத்தில் வெளுத்துப்போன முகம். சலோமி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனாள். அவளிடம் அதுதான் பாராட்டு.

அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது கை நிரம்பியிருந்தது. ஆளுயரச் சவுக்குக் கட்டை ஒன்றை ஓங்கிக்கொண்டு இயேசு நின்றார். கட்டையின் கணு, உரிந்த பட்டை, நுனியில் பித்தளைப் பூண் எல்லாம் கச்சிதமாக இருந்தன.

அவள் வாய் திறப்பதற்குள் சபை மூப்பர் ஞானாதிக்கம் நாலைந்து பேருடன் உள்ளே வந்தார். பின்னால் இளம் போதகரும் வந்தார். இவர்கள் யாரும் அதுவரை படத்தை எட்டிப் பார்த்ததில்லை. அன்று எல்லோருக்கும் திடீரென்று சுவிசேஷத்தின் மேல் அக்கறை பிறந்திருந்தது.

“என்னய்யா இது?” என்றார் மூப்பர்.

“சவுக்கு,” என்றார் அருமைநாதன். “வேதத்துல உள்ளதுதான். சவுக்க எடுத்துத்தானே வெரட்டுனாரு?”

மூப்பர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“யோவ்! வேதத்துல சவுக்குன்னா சாட்டைய்யா. கயித்துல பின்னுன சாட்டை! நம்ம தோப்புல கட்டைய வெட்டிக்கிட்டுப் போயி அடிச்சாருன்னா நெனச்ச?”

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். போதகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போதகர் ஆயிற்றே.

அந்த ஊரில் சவுக்கு என்றால் மரம்தான். ஊரைச் சுற்றிச் சவுக்குத் தோப்பு. வேலிக்குச் சவுக்கு, பந்தல்காலுக்குச் சவுக்கு, இதோ இந்தச் சாரமும் சவுக்கு. மாட்டை அடிப்பதைச் சாட்டை என்பார்கள். பிரசங்கத்தில் சவுக்கு என்று காதில் விழுந்த பையன் கட்டையைத்தான் நினைத்திருப்பான். அதன்பிறகு அவனைத் திருத்த யாரும் இல்லை.

அருமைநாதனின் காது வரை சூடேறியது.

சிரித்துக்கொண்டே மூப்பர் படத்தின் அருகே போனார். கட்டையின் நுனிக்கு அவர் கண் போனதும் சிரிப்பு நின்றது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தக் கட்டை அவரு கையில இருக்கக் கூடாது,” என்றார், குரல் மாறி. “நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அங்க சாட்டை வரணும். இல்லன்னா செவுரு பூரா வெள்ளையடிச்சுருவோம். என்ன ஐயா?”

போதகர் தலையாட்டினார். மூப்பர் கேட்டால் அவர் எதற்கும் தலையாட்டுவார்.

அவர்கள் வெளியே போன பிறகுதான் அருமைநாதன் கோபம் பாவமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

சலோமி மணிக்கூண்டின் அடிக்குப் போனாள். புதுக் கயிறு மாற்றியபோது கழற்றிப் போட்ட பழைய மணிக்கயிறு அங்கே சுருண்டு கிடந்தது. அதை இழுத்து வந்து சாரத்தின் கீழே போட்டாள்.

“இதப் பிரிச்சு, புரி புரியா எடுத்து, ஒரு சாட்டை பின்னுங்க.”

அருமைநாதன் இறங்கினார். இறங்கி அவள் எதிரில் நின்று கத்தினார்.

“படமே போவப் போவுது! மானம் போயிருச்சு! நீங்க கயிறு பின்னச் சொல்றீங்க?”

“சாட்டைய வரையணும்னா சாட்டையப் பாக்கணும்ல. ஒக்காருங்க.”

கோயில் என்று பார்த்தாரோ, டீச்சர் என்று பார்த்தாரோ, உட்கார்ந்தார். முறுக்கேறி இறுகிப்போன கயிறு. பிரிக்கவே நகம் வலித்தது. பின்னியதைச் சலோமி வாங்கி ஒரு உதறு உதறினாள். அது அவிழ்ந்து தொங்கியது.

“இத வச்சு ஈ ஓட்டலாம்,” என்று திருப்பிக் கொடுத்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். ஒரு நுனியை அவள் பிடித்துக்கொண்டாள். பாதி பின்னியபோது அவராகவே பேச ஆரம்பித்தார். அவளைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தே பேசினார்.

“எங்கம்மா செத்தப்ப பெட்டியக் கோயில் தெரு வழியாக் கொண்டாரக் கூடாதுன்னாங்க. கீழத்தெருப் பெட்டி அந்தப் பக்கம் வந்தா தெரு தீட்டாம். எல்லாரும் ஞானஸ்நானம் வாங்குனவங்கதான். ஒரே கோயில், ஒரே பாட்டுப் பொஸ்தகம். தெருமுனையில சவுக்குக் கட்டையோட வந்து நின்னாங்க. அப்பா பெட்டிய விடல. கையில போட்டாங்க. முறிஞ்சுபோன கையத் தொங்க விட்டுக்கிட்டு, ஒத்தக் கையால பெட்டியப் புடிச்சு, வாய்க்காத் தண்ணியில எறங்கித்தான் கல்லறைக்குப் போனோம். தண்ணி எனக்குக் கழுத்து வரைக்கும்.”

சலோமி பிடித்திருந்த நுனியை வெடுக்கென்று இழுத்தாள். நார் அவள் விரலை அறுத்தது. அவளுக்கும் கோபம் வந்திருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

“அப்பாவுக்குக் கை எலும்பு கூடவே இல்ல, டீச்சர். சோறு உங்கறப்ப எல்லாம் சொல்லுவாரு. ஒரு நாளு இயேசு சவுக்க எடுப்பாருடா, கோயில்லேருந்து இவனுவள வெரட்டுவாருடான்னு. நான் கட்டைன்னுதான் நெனச்சேன். வேற என்னன்னு நெனைப்பேன்?”

அவர் அழவில்லை. கயிற்றை இன்னும் இறுக்கிப் பின்னினார். சாட்டை முடிந்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. சலோமி வாங்கி உதறினாள். கோயில் முழுக்க எதிரொலித்தது.

“இவ்வளவு நேரம் பின்னுனீங்களே. கோபம் போச்சா?”

“இல்ல.”

“கொறைஞ்சுதா?”

“கூடியிருக்கு, டீச்சர்.”

“வேதத்துல இயேசுவும் இப்படித்தான் ஒக்காந்து கயித்துல பின்னியிருக்காரு,” என்றாள் சலோமி. “அவருக்கும் போகல.”

அருமைநாதன் சுவரில் இருந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அது தான் வரைந்த முகம் என்பதே அவருக்கு மறந்துபோனது போலிருந்தது. பிறகு சாட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சாட்டைய வரையறேன். ஆனா கட்டைய அழிக்க மாட்டேன்.”

“ஏன்?”

“அழிச்சா அந்தாளு ஜெயிச்சுருவான்.”

சாரம் கட்டி மிஞ்சிய சவுக்குக் கட்டை ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. சலோமி அதை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“ஓங்குங்க.”

அவர் எழுந்து ஓங்கினார். இடது காலை முன்னே வைத்து, தோளைப் பின்னுக்கு இழுத்து. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்கு அது வந்தது.

“இந்தக் கட்டையில பூண் இல்ல,” என்றாள் சலோமி. “படத்துல இருக்கு. இந்த ஊர்ல சவுக்குக் கட்டைக்குப் பித்தளைப் பூண் போட்டு எங்க பாத்தீங்க?”

“ஒரே ஒரு கட்டைக்குத்தான் இருந்துச்சு.”

“யாரோடது?”

“ஞானாதிக்கத்தோட அப்பன் கட்டை. அப்பா கையில விழுந்தது அதுதான்.”

“அதான் மூப்பரு படத்துல முகத்தப் பாக்கல. பூணையே பாத்துக்கிட்டு நின்னாரு.”

“பாக்கட்டும்!” அருமைநாதனின் குரல் உடைந்து உயர்ந்தது. “நல்லாப் பாக்கட்டும்! அதுக்குத்தான் போட்டேன். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை முன்வரிசையில ஒக்காந்து பாக்கட்டும்! அவன் மண்டையில விழுவுற மாதிரி இருக்கணும்!”

“யாரு போடுறாங்க?”

“என்ன?”

“அந்தக் கட்டையால யாரு போடுறாங்க, படத்துல?”

அருமைநாதன் அண்ணாந்து பார்த்தார். இடது கால் முன்னே இருந்தது. தோள் பின்னுக்கு இழுபட்டிருந்தது. அன்று தெருமுனையில் பெட்டிக்கு அடியில் நின்று, கீழேயிருந்து பார்த்த, கட்டையை ஓங்கிய அதே ஆள். அங்கிதான் வேறு. அந்த உடம்புக்கு மேல்தான் அவர் அவ்வளவு நல்ல முகத்தை வைத்திருந்தார்.

கையிலிருந்த கட்டை மெதுவாகத் தாழ்ந்தது.

“எங்கம்மா பெட்டிய மறிச்ச கட்டை,” என்றார்.

சலோமி காத்திருந்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“அவரு கையில இது இருக்க வேணாம், டீச்சர்,” என்றார் கடைசியில். “ஆனா அழிக்க மாட்டேன். அழிச்சா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு ஆயிரும். இவனுவளுக்கு அதுதான் வேணும். நீங்க சொன்னாலும் அழிக்க மாட்டேன்.”

“நான் எப்ப அழிக்கச் சொன்னேன்?”

“பின்ன?”

“கட்டை யாரோடதோ, அவங்ககிட்டத் திருப்பிக் குடுங்க.”

அருமைநாதன் படத்தின் வலப்பக்கம் பார்த்தார். அங்கே ஆலய வாசல் இருந்தது. வாசலை மறித்துக்கொண்டு கடைக்காரர்களின் ஆட்கள் நின்றால், உள்ளே வர நினைத்த ஏழைகள் அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டிலேயே நிற்க வேண்டியிருக்கும். அந்த இடம் இதுவரை வெறும் கல்லாகத்தான் இருந்தது.

அவர் சாரத்தில் ஏறினார். இந்த முறை அது ஆடவில்லை. ஓங்கிய கையிலிருந்த கட்டையை அங்கிக்குக் கலந்த வெள்ளை வண்ணத்தால் மூடினார், தோளைத் தாழ்த்தினார், காலை மாற்றினார். மறுநாள் காலையில் அந்தக் கையில் மணிக்கயிற்றுச் சாட்டை இருந்தது. அந்த உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. மதியத்துக்குள் வாசலில் ஓர் ஆள் எழுந்துவிட்டான். கால் அகட்டி நின்றான். அவன் கையில் அந்தக் கட்டை, கணுவோடும் பூணோடும்.

பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. மூப்பர் வெள்ளையடிக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சுண்ணாம்பு வாளி ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அருமைநாதன் மெல்லிய தூரிகையை எடுத்தார். வாசலில் நின்றவனுக்கு இன்னும் தலை இல்லை.

“டீச்சர்,” என்றார் மேலேயிருந்து. “அவன் மொகம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. மீசை, மூக்கு, நெத்திப்பொட்டுல இருந்த தழும்பு. ஒண்ணு விடாம வரைவேன். மகன் அடையாளம் கண்டுக்கட்டும். ஊரே கண்டுக்கட்டும். வரையட்டுமா?”

சலோமி ஜன்னல் வழியே வாளியைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

“மொகம் வேணாம்ணே. நம்மளுக்கு முதுகு காட்டி நிக்கட்டும். பூண் போதும்.”